பழைய இராணுவ லோரி நடமாடும் வீடாவது எவ்வாறு?

தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்வதற்காகத் தோட்டத்து லோரியில் பாய் விரித்து, சோற்றுக் கட்டோடும் பிள்ளை குட்டிகளோடும் இரவோடிரவாகப் புறப்பட்ட காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தார்ப்பாய் கூரையாயிற்று; லோரியின் பலகை கட்டிலாயிற்று. அக்காலம் கடந்துவிட்டது. சரக்கு லோரியில் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிச் செல்வதைச் சட்டம் இன்று அனுமதிப்பதில்லை. எனினும், சக்கரத்தின் மேல் படுத்துறங்கி ஊர் ஊராகச் சென்று வரும் ஆசை மட்டும் மக்களை விட்டு அகலவில்லை.

சில மாதங்களுக்கு முன் தோட்டமொன்றின் பட்டறையில் இளைஞர் சிலருடன் உரையாடிக்கொண்டிருந்தோம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய லோரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதன்மீது சிறு வீடு ஒன்றை அமைத்து, மனைவி மக்களோடு விடுமுறைக்குச் சென்றுவர வேண்டும் என்பது அவர்களுள் ஒருவரின் எண்ணம். படுக்கை எங்கே, அடுப்பு எங்கே, பிள்ளைகள் உறங்குவது எங்கே என்று ஒரு தாளில் வரைந்தே வைத்திருந்தார். வரைபடம் நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் சக்கரம் இல்லை. சக்கரத்தையும் வீட்டையும் இணைக்கும் அடிச்சட்டமும் இல்லை. அன்று அவரிடம் சொன்னவற்றையும் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கு எழுதுகிறோம்.

உருளைக்கிழங்கு வயலில் பிறந்த வண்டி

இத்தகைய வேலையில் நீண்ட பழக்கம் உள்ளவர்கள் ஜெர்மானியர். அங்கே பல குடும்பங்கள் தேடிப் பிடித்து வாங்கும் வண்டிகளுள் ஒன்று யூனிமோக் 404 என்னும் பழைய இராணுவ லோரியாகும்.

யூனிமோக் முதன்முதலில் போருக்கென்று செய்யப்பட்டதன்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோல்வியுற்றபின், 1945, 1946ஆம் ஆண்டுகளில், ஆல்பர்ட் ஃபிரீட்ரிக் என்னும் பொறியியலாளர் உழவர்களுக்காக வகுத்த வண்டி அது. வயலில் உழவும் வேண்டும், விளைந்ததைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் வேண்டும் என்பதே நோக்கம். இடப்புறச் சக்கரத்துக்கும் வலப்புறச் சக்கரத்துக்கும் இடையிலான அகலத்தை 1,270 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். அஃது உருளைக்கிழங்குப் பாத்திகள் இரண்டின் அகலம். நிரை பார்த்துக் கன்று நடுவதை அறிந்த நம் மக்களுக்கு இந்தக் கணக்கின் அருமையை விளக்க வேண்டியதில்லை. 1948இல் போஹ்ரிங்கர் நிறுவனம் இதை உற்பத்தி செய்யத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அவ்வேலை டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் காகனாவ் ஆலைக்கு மாறியது.

1955 முதல் 1980 வரை செய்யப்பட்ட 404, அந்த உழவு வண்டியின் இராணுவத் தம்பி எனலாம். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. ஆறு உருளைகள் கொண்ட 2.2 லிட்டர் பெட்ரோல் இயந்திரம். 82 குதிரைத் திறன். இதன் அச்சு சக்கரத்தின் நடுப்புள்ளிக்கு நேராக வருவதில்லை. சக்கரத்தின் அருகில் பல்சக்கரங்களை வைத்து, அச்சையே மேலே தூக்கிவிட்டார்கள். அதனால் வண்டியின் வயிறு தரையிலிருந்து ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. மற்ற வண்டிகள் கல்லில் இடித்துக்கொண்டு நிற்குமிடத்தில் இது தாண்டிப் போய்விடும்.

வானொலிக் கருவிகளை வைப்பதற்கும் நோயாளிகளைக் கொண்டு செல்வதற்கும் இராணுவம் இவற்றுட் பலவற்றின் மேல் மூடிய பெட்டிகளைப் பொருத்தியிருந்தது. இராணுவம் கழித்து விற்றபோது வாங்கிய குடும்பத்தாருக்குச் சுவரும் கூரையும் கதவும் கூடவே கிடைத்தன. நடமாடும் வீடு என்ற எண்ணம் அங்கே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். இவ்வண்டி வேகத்துக்கு ஏற்றதன்று. தரையைப் பார்த்து ஓட்டினால் மணிக்கு 95 கிலோமீட்டர் எல்லை, இரைச்சலோ மிகுதி, 100 கிலோமீட்டர் செல்ல 20 லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல் குடிக்கும். அதனாலேயே சிலர் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு டீசல் இயந்திரம் வைத்துக்கொள்கின்றனர். வாங்கும் விலை மலிவாய் இருக்கலாம். ஓட்டும் விலை அவ்வாறு இராது.

வாங்குமுன் குனிந்து பார்க்க வேண்டியவை

பழைய வண்டியை நின்று பார்ப்பவன் வண்ணத்தைப் பார்க்கிறான். குனிந்து பார்ப்பவன் சட்டத்தைப் பார்க்கிறான். அடிச்சட்டத்தில் துரு ஏறியிருந்தால், அதைச் சீர்செய்யும் செலவு வண்டியின் விலையையே விழுங்கிவிடும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உள்ளே அரித்த இரும்பு மந்தமாய் ஒலிக்கும். சட்டத்தின் மேல் புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தால், எதை மறைக்கப் பூசினார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

அடுத்தது டயர். இதில் ரப்பர்த் தொழிலாளர்களுக்கு நாம் பாடம் சொல்ல முற்படுவது மிகையே. எனினும் ஒரு செய்தி. கார் டயரைவிட லோரி டயரில் மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். பாரத்தாலும் உருட்சியாலும் எழும் சூட்டை அது நன்கு தாங்கும். ஆனால் எந்த ரப்பரும் வெயிலிலும் காற்றிலும் முதிர்ந்துதான் போகும். ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருந்த இராணுவ லோரியின் டயரில் பள்ளங்கள் புதிதுபோல் ஆழமாய் இருக்கும். பக்கச் சுவரிலோ மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2312 என்றிருந்தால் 2012ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த டயர்களில் இந்த நான்கு இலக்கக் குறி உண்டு. மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் அதற்கும் முந்தியது. அதில் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் எண்ணத்தை அப்போதே விட்டுவிட வேண்டும்.

அடுப்புக்கு மூன்று கல்

இனி, பட்டறை இளைஞரின் தாளில் இல்லாத செய்திக்கு வருவோம். வீட்டையும் வண்டியையும் எப்படி இணைப்பது?

மலட்டாற்றுக் கரையிலோ, மழையில் அரித்த தோட்டச் சாலையிலோ லோரி செல்லும்போது முன் இடச் சக்கரம் மேட்டில் ஏறும்; பின் வலச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும். அப்போது அடிச்சட்டம் ஈரத் துணியைப் பிழிவது போல முறுகுகிறது. யூனிமோக்கில் இது குறையன்று. அவ்வாறு முறுகிக் கொடுக்கும்படிதான் அதன் சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. நான்கு சக்கரங்களும் தரையை விடாமற் பற்றுவதற்கு அதுவே உதவுகிறது. ஆனால் சட்டத்தின் மேல் நாம் வைக்கும் வீடு பெட்டியைப் போன்றது. பெட்டிக்கு முறுகத் தெரியாது. முறுகும் சட்டத்தின் மேல் முறுகாத பெட்டியை நான்கு மூலைகளிலும் போல்ட் போட்டு இறுக்கினால் இரண்டில் ஒன்று நடக்கும்: பெட்டியின் மூலைகள் பிளந்து மழைநீர் உள்ளே வரும், அல்லது போல்ட் இறுக்கிய இடத்தருகே சட்டத்தில் வெடிப்பு விழும். முன்னது தொல்லை, பின்னது ஆபத்து.

இதற்கு வழி என்ன? நம் தாய்மார்கள் அடுப்புக் கூட்டும் முறையிலேயே வழி இருக்கிறது. மேடு பள்ளமான தரையில் நான்கு கல் வைத்துப் பானையை ஏற்றினால் பானை ஆடும். மூன்று கல் வைத்தால் தரை எப்படி இருந்தாலும் ஆடாது. முக்காலி எங்கும் நிற்பதும் நாற்காலி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதும் இதனால்தான். லோரியிலும் பெட்டியை மூன்று இடங்களில் தாங்குகிறார்கள். பெட்டியின் அடியில் அதற்கென்று தனியாக ஓர் இரும்புச் சட்டம் அமைத்து, ஒரு முனையில் இடமும் வலமுமாக இரண்டு தாங்கிகள், மறு முனையில் நடுவில் ஒரே ஒரு தாங்கி என்று வைக்கிறார்கள். அந்த நடுத் தாங்கி ஊஞ்சல் கொக்கியைப் போல இடமும் வலமும் சுழலக்கூடியது. கீழே லோரியின் சட்டம் எவ்வளவு முறுகினாலும், மேலே உள்ள பெட்டி அந்த ஒரு புள்ளியில் சுழன்றுகொள்ளுமேயன்றி முறுக்கு அதற்கு ஏறாது. சிலர் சாய்சதுர வடிவில் நான்கு தாங்கிகளை வைத்து இதே பயனைப் பெறுகின்றனர். முன்னே நடுவில் ஒன்றும், பின்னே நடுவில் ஒன்றும் சுழலும். பக்கங்களில் உள்ள இரண்டும் ஏற்றம் போல ஆடும்.

வீட்டில் இவ்வேலை செய்வோர் அடிக்கடி புரியும் பிழை ஒன்றுண்டு. இராணுவம் வைத்திருந்த பழைய தாங்கிகள் துருப்பிடித்து அவலட்சணமாய் இருப்பதைக் கண்டு, அவற்றை எறிந்துவிட்டுக் கனத்த போல்ட்டுகளால் பெட்டியை நேரே இறுக்கிவிடுகிறார்கள். உறுதியாய் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்த உறுதியே கேடாய் முடிகிறது. அவ்வாறே, லோரிச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடுதல் கூடாது. உற்பத்தியாளரின் வழிகாட்டி இல்லாமல் அதன்மேல் வெல்டிங் செய்வதும் கூடாது. இழுவிசை மிகுந்த இடங்கள் அவை. வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும்.

கிலோ கணக்கு

404இன் சுமை வகுப்பு ஒன்றரை டன். 1,500 கிலோ என்றால் மிகப் பெரிய எண்ணாகத் தோன்றுகிறது. கணக்குப் பார்ப்போம். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஒன்று சுமார் 20 கிலோ இருக்கும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் 15 பலகைகள் என்றால் 300 கிலோ. தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. நம் வீடுகளில் பயன்படும் 14 கிலோ கேஸ் தோம்பு, இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. மின்கலங்கள் இரண்டுக்கு 50 கிலோ. தாய், தந்தை, பிள்ளைகள் இருவர் என நால்வருக்கு 250 கிலோ. மொத்தம் 730 கிலோ ஆயிற்று. பெட்டியின் சுவர், கூரை, அதன் அடிச்சட்டம், துணிமணி, பானை சட்டி, அரிசி, மாற்று டயர் எதுவும் இதில் இல்லை. எனவே அலமாரிக்கு 12 மில்லிமீட்டர் பலகை தேவையா, 6 மில்லிமீட்டர் போதாதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரப்பர் மரத்தில் செய்த தளவாடம் நமக்குப் பெருமைதான், வீட்டில் இருக்கட்டும். வண்டியில் அது பாரம்.

எவ்வளவு எடை என்பது மட்டுமன்றி, எங்கே எடை என்பதும் கேள்வி. தண்ணீர்த் தொட்டியைக் கூரைமேல் வைத்தால் குழாயில் தானாக நீர் வருமே என்று சிலர் எண்ணுவர். உயரமான, அகலம் குறைந்த வண்டி அது. தலைப்பாரம் ஏறினால் சரிவில் சாயும். தண்ணீரும் மின்கலமும் தரையோடு தரையாக, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல் அலமாரியில் துணியும் தலையணையும் போதும்.

எல்லாம் முடிந்தபின் எடை மேடையில் ஏற்ற வேண்டும். முதலில் முன் அச்சை மட்டும், பிறகு பின் அச்சை மட்டும், அதன்பின் முழு வண்டியையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். நாலைந்து பேர் ஏறி அமர்ந்து, தொட்டியில் நீர் நிறைந்திருக்கும்போது எடுத்த எடையே உண்மையான எடை.

உறங்கும் பிள்ளைகளும் காற்றும்

கட்டுரையில் இப்பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ள எல்லாரும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வண்டி கட்டும் எண்ணம் இல்லாதவர்களும் காரில் உறங்குவதுண்டு.

எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணையும் அது கரிக்காது. மூச்சோடு உட்சென்றதும் இரத்தத்தில் பிராணவாயு பற்ற வேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொள்கிறது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும் தன்மை அதற்குண்டு. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். விழித்திருப்பவர் ஏதோ உடல் நலமில்லை என்று வெளியே வந்து பிழைத்துக்கொள்வார். உறங்குபவருக்கு அறிகுறி தெரிவதில்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனத்துடன் காரில் உறங்கி உயிரிழந்தோர் நம் நாட்டிலும் உண்டு.

எனவே பெட்டிக்குள் கரி அடுப்பு வைத்தல் கூடவே கூடாது. எரிந்து அடங்கிய தணலையும் உள்ளே கொண்டுவருதல் கூடாது. தணல்தான் இந்நச்சை மிகுதியாக விடுவது. இயந்திரமோ மின்னாக்கியோ ஓடும்போது உள்ளே உறங்குதல் ஆகாது. பழைய இயந்திரத்தின் புகைக்குழாயில் துளை இருக்கலாம். கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் என்று தரையில் நாம் போட்ட துளைகளின் வழியே அந்தப் புகை மேலே ஏறும். ஆகவே ஒவ்வொரு துளையையும் அடைத்தாக வேண்டும். புகைக்குழாயின் வாய் பெட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே முடிய வேண்டும். காற்றுக்காக வேறு இரண்டு திறப்புகளை, ஒன்று தாழவும் ஒன்று உயரவுமாக, எக்காலத்தும் மூட முடியாதபடி வைக்க வேண்டும். மழை வருகிறது, கொசு வருகிறது என்று அதைத் துணியால் அடைப்பவர்கள் உண்டு. கொசுவுக்குக் கம்பி வலை இருக்கிறது. இவையெல்லாம் செய்தபின்னும், படுக்கையின் உயரத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துவது அவசியம். புகைக்கு ஒலிக்கும் கருவி இதற்குப் பயன்படாது, இரண்டும் வெவ்வேறு.

சமையல் எரிவாயுவின் தன்மை வேறு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீரைப் போலத் தரையில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். தோம்பை உள்ளே வைக்காமல், வெளியிலிருந்து மட்டும் திறக்கக்கூடிய தனி அறையில் வைத்து, அந்த அறையின் அடித்தட்டில் துளை விடுவது ஐரோப்பியர் முறை. கசிந்த வாயு அத்துளை வழியே நிலத்தில் இறங்கிக் காற்றில் கலந்துவிடும். ஓடும் வண்டியில் தோம்பின் வாய் மூடியே இருக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் வெளியே நிழலில் அடுப்பை வைத்துச் சமைப்பதே எல்லாவற்றினும் மேல் என்பது எமது கருத்து.

நீராவியும் ஒரு தொல்லை. நால்வர் மூடிய பெட்டிக்குள் உறங்கினால் விடிவதற்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் மூச்சாகவும் வியர்வையாகவும் வெளிவரும். அது வெறும் தகரச் சுவரில் படிந்து, பலகையின் பின்னே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துருவையும் பூஞ்சணத்தையும் வளர்க்கும். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் வெப்பத் தடுப்புப் பலகையை இடைவெளியின்றி ஒட்டினால் இத்தொல்லை பெரிதும் குறையும். பகல் வெயிலும் தணியும்.

இருக்கையும் சட்டமும்

404இன் ஓட்டுநர் அறையில் இருவருக்குத்தான் இடம். பிள்ளைகள் பின்னால் பெட்டியில் கட்டிலில் படுத்துக்கொண்டு வரட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. திடீரென்று பிரேக் பிடித்தால் கட்டிலில் உள்ள குழந்தை கல்லைப் போல எறியப்படும். அடிச்சட்டத்தோடு உறுதியாக இணைந்த, முன்னோக்கிய இருக்கையும் இடுப்பு வாரும் இல்லையேல், பெட்டியில் ஆள் இருக்கும்போது வண்டி நகரலாகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வண்டியை நடமாடும் வீடு என்று பதிவு செய்ய நான்கு இருக்க வேண்டும்: மேசையும் இருக்கையும், படுக்கை, சமைக்கும் வசதி, பொருள் வைக்கும் இடம். மேசை ஒன்றைத் தவிர மற்றவை அசையாதபடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஜெர்மனியில் தொழில்நுட்ப ஆய்வாளர் நேரில் பார்த்துச் சான்றளித்த பிறகே பதிவு மாறும். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளும் இதனைக் கட்டுப்படுத்துகின்றன. வண்டியின் உடலை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும். கட்டி முடித்துவிட்டு அனுமதி கேட்பது, தாலி கட்டிய பிறகு பெண் கேட்பதற்கு ஒப்பாகும். வரைபடத்தை எடுத்துச் சென்று இலாகாவின் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒப்புதலின்றி மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடக் கூடும்.

ஓட்டும் உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். கார் ஓட்டும் டி வகுப்பு உரிமம், சுமையில்லாத எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வாகனங்களுக்கே செல்லும். 404 தனியாக நிற்கும்போது அந்த எல்லைக்குள் அடங்கும். கட்டிய வீட்டையும் சேர்த்தால் அடங்குமா என்பதற்கு எடை மேடையில் கிடைத்த சீட்டே விடை சொல்லும்.

முதற்பயணத்துக்கு முன் இரண்டு சோதனைகள் செய்யலாம். நல்ல மழை நாளில் வண்டியை வெட்ட வெளியில் நிறுத்தி, உள்ளே விளக்கை ஏற்றாமல் ஒரு மணி நேரம் அமர்ந்து, ஒவ்வொரு மூலையையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வீட்டு வாசலிலேயே ஓர் இரவு குடும்பத்தோடு அதில் உறங்குவது. நள்ளிரவில் கதவைத் திறக்கப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிறதா, இருட்டில் தாழ்ப்பாள் அகப்படுகிறதா, படியில் இறங்க வயதானவர்களால் முடிகிறதா என்பதெல்லாம் அன்று தெரியும். கதவு ஒன்று மட்டும் இருந்தால், ஆள் நுழையும் அளவில் ஒரு ஜன்னலை வெளிப்புறமாகத் திறக்கும்படி வைத்து, அதன் வழியே வெளியேறுவதற்குப் பிள்ளைகளைப் பகலிலேயே இரண்டு மூன்று முறை பழக்கிவிட வேண்டும்.